சாலையில் ஓர் ஆகாய விமானம்: சட்டம் என்ன சொல்லுகிறது?



ஆகாய விமானத்தைப் பொதுச் சாலையில் ஓட்டிச் செல்லலாமா? இக்கேள்வியைக் கேட்டவுடன் புன்முறுவல் தோன்றுவது இயல்பே. பறப்பதற்கென்றே செய்த பொறியை யார் சாலையில் உருட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். எந்த விமானமும் தன் பயணத்தைத் தரையில்தான் தொடங்குகிறது, தரையில்தான் முடிக்கிறது. அதற்குச் சக்கரங்கள் உண்டு, எஞ்சின் உண்டு, பிரேக் உண்டு, வேண்டிய பக்கம் திருப்புவதற்குச் சாதனமும் உண்டு. நால்வர் அமரக்கூடிய இலேசான விமானம் ஒன்று, ஆட்களோடும் சாமான்களோடும் சேர்ந்து ஏறத்தாழ 1,100 கிலோ எடைதான் இருக்கும். நம் சாலைகளில் ஓடும் கார்கள் பலவும் அதைவிடக் கனமானவை. விமானத் தளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் குடியிருக்கும் ஒருவர், 'என் விமானத்தை என் வீட்டு வாசல்வரை நானே ஓட்டிச் செல்லுகிறேன். எந்தச் சட்டம் என்னைத் தடுக்கிறது?' என்று கேட்டால் அவருக்கு என்ன விடை சொல்லுவது?

எளிதான விடைகள் இரண்டு உண்டு. 'கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆகவே ஓட்டலாம்' என்பது ஒன்று. 'இதுவரை யாரும் செய்ததில்லை. ஆகவே ஓட்டக் கூடாது' என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே போதா என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சட்டத்தின் உண்மையான விடையைக் காண வேண்டுமானால், ஒரு சிறு சொல்லின் பொருளைக் கண்டறிய வேண்டும். 'மோட்டார் வாகனம்' என்பதே அச்சொல்.

இச்சொல் குறித்துப் புகழ்பெற்ற வழக்கொன்று அமெரிக்காவில் நடந்தது. 1926-ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்திலுள்ள ஒட்டாவா என்னும் ஊரிலிருந்து ஒரு விமானம் திருடப்பட்டு, ஓக்லஹோமா மாகாணத்துக்குக் கொண்டு போகப்பட்டது. இதைச் செய்வித்ததாக மெக்பாயில் என்பவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. திருடிய மோட்டார் வாகனத்தை ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்குக் கொண்டு செல்வதைத் தண்டிக்கும் சட்டம் ஒன்று அங்கே 1919-ல் இயற்றப்பட்டிருந்தது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, தண்டவாளத்தில் ஓடாத, தானே இயங்கும் வேறு எந்த வாகனமும் இதில் அடங்கும் என்று அச்சட்டம் முடித்திருந்தது. விமானம் தானே இயங்குவது, தண்டவாளத்தில் ஓடாதது. ஆகவே அதுவும் மோட்டார் வாகனமே என்று கீழ்க் கோர்ட்டுகள் முடிவு செய்தன. மெக்பாயிலுக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனையும் 2,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

1931-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இத்தீர்ப்பை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். அவர் கூறிய காரணம் மிகவும் எளியது. சாதாரண மக்களின் பேச்சில் 'வாகனம்' என்றால் தரையில் ஓடும் ஒன்றின் உருவமே மனத்தில் தோன்றுகிறது. 1919-ல் விமானம் என்பது யாருக்கும் தெரியாத பொருளன்று. ஆயினும் சட்டம் இயற்றியவர்கள் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒருவனைத் தண்டிப்பதற்கு முன், எது குற்றம் என்பதை அவனுக்கு விளங்கும் சொற்களால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; சட்டம் இயற்றியவர்கள் நினைத்திருந்தால் விமானத்தையும் சேர்த்திருப்பார்கள் என்று ஊகித்துத் தண்டிக்கக் கூடாது. இதுவே அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 1945-ல் அமெரிக்க சட்டசபை விமானத்தின் பெயரை வெளிப்படையாகவே அச்சட்டத்தில் சேர்த்தது. கோர்ட்டு செய்ய மறுத்ததைச் சட்டசபை செய்தது. முறையும் அதுதானே!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இன்று நம் சாலைகளை ஆளுவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இயந்திர விசையால் இயங்குவதாயும், சாலையில் உபயோகிப்பதற்கு ஏற்றதாக அமைந்ததாயும் உள்ள வாகனமே மோட்டார் வாகனம் என்று அது இலக்கணம் வகுக்கிறது. தண்டவாளத்தில் ஓடுவதும், தொழிற்சாலை போன்ற மதிலுக்குட்பட்ட இடத்தில் மட்டும் உபயோகிப்பதற்கென்று அமைந்ததும் இதில் அடங்கா. விமானத்தைப் பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே வழக்கு முழுவதும் 'சாலைக்கு ஏற்றது' என்னும் தொடரின் மீது வந்து நிற்கிறது.

இத்தொடருக்கு நம் சுப்ரீம் கோர்ட்டு 1974-லேயே வியாக்கியானம் செய்திருக்கிறது. ஒரிசாவிலுள்ள பொலானி என்னும் இடத்து இரும்புச் சுரங்கத்தில் ஓடிய பெரிய மண்வாரி லாரிகளைப் பற்றி எழுந்த வழக்கு அது. 'ஏற்றதாக அமைந்தது' என்றால் சாலைக்குத் தகுதியுடையது என்று பொருள் கொள்ள வேண்டும் என அங்கே விளக்கப்பட்டது. இங்கிலாந்திலும் 1963-ல், 'கோ-கார்ட்' என்னும் சிறு பந்தய வண்டி குறித்து இதே போன்ற வினா எழுந்தது. அவ்வழக்கில் கோர்ட்டு ஓர் அளவுகோலைத் தந்தது. உரிமையாளரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டியதில்லை. விவேகமுள்ள ஒரு மனிதர் அந்த வண்டியைப் பார்த்தால், 'இதன் உபயோகங்களில் சாலையில் ஓடுவதும் ஒன்று' என்று சொல்லுவாரா? அதைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பந்தய வண்டி இச்சோதனையில் தேறவில்லை.

அந்த விவேகமுள்ள மனிதரை ஓர் இலேசான விமானத்தின் முன்னே கொண்டு போய் நிறுத்துவோம். உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானமாகிய செஸ்னா 172-ஐயே எடுத்துக்கொள்ளலாம். அதன் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 11 மீட்டர். நம் நாட்டு இருவழிச் சாலையின் ஓடுதளமோ 7 மீட்டர். சாலையின் நடுக்கோட்டில் விமானத்தை நிறுத்தினால், இரு பக்கத்து இறக்கைகளும் இரண்டிரண்டு மீட்டர் சாலைக்கு வெளியே நீண்டு நிற்கும். புளிய மரமும் மின்கம்பமும் தேநீர்க் கடைக் கூரையும் இருக்கும் இடம் அதுதான். நம் விதிகளின்படி ஒரு மோட்டார் வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டலாகாது. இந்த ஒரு விதியிலேயே விமானம் தோற்றுவிடுகிறது.

அடுத்து, அதை நகர்த்தும் சக்தியைப் பாருங்கள். காரில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. விமானத்தில் சக்கரம் வெறுமனே உருளுவதுதான். இழுத்துச் செல்லுவது முன்னாலுள்ள புரொபெல்லர் என்னும் சுழல் விசிறி. ஏறத்தாழ 1.9 மீட்டர் குறுக்களவுள்ள அவ்விசிறி, விமானம் மிக மெதுவாகச் செல்லும்போதும் நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழல்கிறது. அவ்வேகத்தில் அது கண்ணுக்கே புலப்படுவதில்லை. விமானத் தளத்தில் பழகிய ஊழியர்களே அதனருகே மிகுந்த எச்சரிக்கையோடு நடமாடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டுத் துள்ளி ஓடி வரும் குழந்தைக்கு அது தெரியுமா? சாலையைக் கடக்கும் பசுவுக்குத்தான் தெரியுமா?

விளக்குகளும் வேறு வகையானவை. விமானத்தின் இடப்பக்க இறக்கை முனையில் சிவப்பு, வலப்பக்க முனையில் பச்சை, வாலில் வெள்ளை. சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டால், நமக்கு முன்னால் அதே திசையில் ஒரு வண்டி போகிறது என்று கொள்ளுகிறோம். விமானத்திலோ எதிரே வரும்போதும் சிவப்பு தெரியும். இருட்டில் இதைக் காணும் லாரி டிரைவர் எப்படிப் புரிந்துகொள்வார்? வானத்தில் இரு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் விலக வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் சாலையிலோ இடப்பக்கம் செல்ல வேண்டும். விமானத் தளத்துக்குள் கார்தான் விமானத்துக்கு வழிவிட வேண்டும். சாலையில் அச்சலுகை இல்லை. ஒரே பொறி, வாயிலைக் கடந்தவுடன், வேறொரு தர்மத்துக்கு உட்பட்டுவிடுகிறது.

ஆகவே விவேகமுள்ள மனிதரின் தீர்ப்பு ஐயத்துக்கு இடமற்றது. சாதாரண இலேசு விமானம் சாலைக்கு ஏற்றதன்று. அது மோட்டார் வாகனமும் அன்று. மோட்டார் வாகனம் அல்லாததைச் சாலைப் போக்குவரத்துக்கென்று பதிவு செய்ய முடியாது. அதன் வாலில் எழுதிய 'வி.டி.' என்று தொடங்கும் குறி, அது இந்திய விமானம் என்பதை உலகுக்கு அறிவிக்கும்; சாலையில் செல்லும் உரிமையை அது தராது. விமானியின் லைசென்ஸும் அவ்வாறே. 17 வயது நிரம்பியவர் தகுந்த பயிற்சியும் தேர்வும் முடித்துத் தனியார் விமானி லைசென்ஸ் பெறலாம். ஆனால் அவர் கார் ஓட்டுவதற்கு 18 வயதுவரை காத்திருக்க வேண்டும்!

இவ்விடத்தில் சாமர்த்தியசாலி ஒருவர் எழுந்து கேட்கலாம்: 'என் விமானம் மோட்டார் வாகனம் அன்று என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் மோட்டார் வாகனச் சட்டம் என்னைத் தொடாது. பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். நான் ஓட்டிச் செல்லுகிறேன்.' கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினும் இவ்வாதம் நிற்காது. பொதுச் சாலை ஒரு சட்டத்தால் மட்டும் காக்கப்படுவதன்று. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையும், அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டமும், பொது வழியில் மனித உயிருக்கு அபாயம் நேரும்படி அசட்டையாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றம் என்று கூறுகின்றன. 'மோட்டார்' என்னும் அடைமொழி அங்கே இல்லை. விமானமும் வாகனம்தானா என்று வழக்கறிஞர் வாதாடலாம். அப்போதும், பொது வழியை மறித்துப் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாக்குவது தனிக் குற்றமாக நிற்கிறது. 11 மீட்டர் இறக்கையோடு 7 மீட்டர் சாலையில் நின்றபின் 'நான் மறிக்கவில்லை' என்று சொல்ல இயலுமா?

இது வெறும் கற்பனையன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூமன் என்றொரு சுரங்க நகரம் உண்டு. 2014 அக்டோபரில் ஒருவர் இறக்கைகள் கழற்றப்பட்ட சிறு விமானம் ஒன்றை நகரின் தெருவழியே ஓட்டி வந்து, ஒரு மதுக்கடையின் முன்னே நிறுத்தினார். அகலத் தொல்லை அவருக்கு இல்லை, இறக்கைதான் இல்லையே! ஆனால் சுழல் விசிறி முன்னே சுழன்றுகொண்டுதான் வந்தது. போலீசார் அவர் மீது சாட்டிய குற்றம், பிறருடைய உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து விளைவித்தது என்பதாகும். விமானம் மோட்டார் வாகனமா, அன்றா என்னும் இலக்கண விசாரணைக்கு முன்பே, தெருவில் நடப்பவரின் உயிர் என்ன ஆகும் என்று சட்டம் கேட்டுவிட்டது.

தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சாலையில் ஒரு கார் மோதி ஒருவர் காலை இழந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் எண் பலகை, உரிமையாளர் யார் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. மூன்றாம் நபருக்கு நேரும் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்தியிருக்கிறது. நஷ்ட ஈடு கோருவதற்கென்றே விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. உரிமையாளர் ஏழையாக இருந்தாலும், அடிபட்டவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. இவ்வேற்பாடு முழுவதும் 'மோட்டார் வாகனம்' என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. அச்சொல்லில் அடங்காத பொறி மோதினால், அடிபட்டவர் சாதாரண சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடுத்துக் காத்திருக்க வேண்டும். விமானத்துக்கு வேறு இன்ஷூரன்ஸ் இருக்கலாம்; ஆனால் அது சாலையில் நேர்ந்த விபத்துக்குப் பொருந்துமா என்பது அந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது.

பதிவு, எண் பலகை, இன்ஷூரன்ஸ் என்பனவற்றை நாம் பலமுறை சர்க்கார் வைக்கும் தொல்லைகள் என்றே எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவை வண்டி ஓட்டுபவருக்காக ஏற்பட்டவையல்ல. வண்டியில்லாமல் சாலையோரம் நடந்து போகிறாரே, அவருக்காக ஏற்பட்டவை. 'சட்டம் தடுக்கவில்லை' என்று சொல்லி விமானத்தைச் சாலைக்குக் கொண்டு வருபவர், அந்த நடைபாதைக்காரரின் பாதுகாப்பையே வெளியே தள்ளிவிட்டு வருகிறார்.

அப்படியானால் நெடுஞ்சாலையில் நம் விமானப் படை விமானங்கள் இறங்கினவே, அது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். 2015 மே மாதத்தில் மதுரா நகருக்கு அருகே யமுனா விரைவுச் சாலையில் மிராஜ் போர் விமானம் இறங்கியது. 2021 செப்டம்பரில் இராஜஸ்தானத்துப் பாட்மேர் மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலையின் 3 கிலோமீட்டர்ப் பகுதி அவசர இறங்குதளமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அங்கெல்லாம் விமானம் வருமுன் போக்குவரத்து நிறுத்தப்பட்டது, பாதை சோதிக்கப்பட்டது, காவல் போடப்பட்டது. அந்த நேரத்துக்கு அது சாலையாக இருக்கவில்லை, ஓடுபாதையாக இருந்தது. சாலையைப் பயன்படுத்துவோரோடு விமானமும் கலந்து ஓடியதாகக் கொள்ளலாகாது.

எஞ்சின் பழுதாகி, வேறு வழியின்றிச் சாலையில் இறங்கும் விமானியின் நிலையும் வேறு. பெரிய தீங்கைத் தவிர்க்கும் பொருட்டு, தீய எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு செய்த செயலைக் குற்றமாகக் கொள்ளாத தத்துவம் நம் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை ஆபத்தோடு முடிந்துவிடும். இறங்கிய பின், 'வந்தது வந்துவிட்டேன், அடுத்த ஊர்வரை உருட்டிச் செல்லுகிறேன்' என்று கிளம்புவதற்கு அது உதவாது.

விமானத்தைச் சாலைவழியே கொண்டு போகவே முடியாதா? போகலாம். இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, அளவுக்கு மிஞ்சிய சுமைக்குரிய அனுமதி பெற்றுக் கொண்டு போகலாம். அப்போது சட்டத்தின் கண்ணில் விமானம் வெறும் சரக்கு, லாரிதான் வாகனம். அதிலும் கவனம் வேண்டும். 2019 டிசம்பரில் மேற்கு வங்காளத்துத் துர்காபூரில், பழைய விமானம் ஒன்றை ஏற்றிச் சென்ற லாரி பாலத்தின் அடியில் சிக்கிக்கொண்டது. வானமெங்கும் திரிந்த விமானம், ஒரு பாலத்தைக் கடக்க முடியாமல் நின்றது!

இனி, சாலைக்கும் வானத்துக்கும் பொதுவாகவே ஒரு பொறியைச் செய்தால் என்ன? இந்த ஆசை பழையது. அமெரிக்காவில் ராபர்ட் ஃபுல்டன் என்பவர், இறக்கையையும் வாலையும் விமானத் தளத்திலேயே கழற்றி வைத்துவிட்டு முன்பகுதியைக் காராக ஓட்டிச் செல்லும் விமானத்தைச் செய்து 1950-ல் அரசாங்கச் சான்று பெற்றார். மோல்ட் டெய்லர் என்பவரின் 'ஏரோகார்' 1949-ல் பறந்தது. 1956-ல் சான்று பெற்றது. அதில் இறக்கைகளை மடித்துப் பின்னால் இழுத்துச் செல்லலாம். சாலையில் எஞ்சின் முன் சக்கரங்களையே சுழற்றியது. மொத்தம் ஆறு வண்டிகளே செய்யப்பட்டன. அண்மையில், 2021 ஜூனில், ஸ்லோவாக்கியா நாட்டில் நிட்ரா நகரிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிஷத்தில் பறந்து வந்த ஒரு விமானம், இறங்கியபின் இறக்கையை மடித்துக்கொண்டு காராக நகருக்குள் ஓடியது. 2022 ஜனவரியில் அதற்குப் பறப்பதற்கான தகுதிச் சான்று வழங்கப்பட்டது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாகாணம் 2020-ல் இவ்வகை வண்டிகளுக்கென்றே சட்டம் செய்தது. சாலையில் ஓடலாம், ஆனால் பறந்து எழுவதும் இறங்குவதும் விமானத் தளத்தில்தான். இது சரியான வழி என்பது என் கருத்து. புதிய பொருளைப் பழைய சொல்லுக்குள் திணிக்கவில்லை; பழைய சொல்லில் இல்லை என்பதற்காக அதைத் துரத்தியடிக்கவும் இல்லை. அதன் பெயரைச் சொல்லி, அதன் எல்லையையும் சொல்லிவிட்டது.

நம் நாட்டில் இத்தகைய வண்டி வருமானால் இரண்டு வாயில்களைக் கடந்தாக வேண்டும். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள பாரதிய வாயுயான் சட்டத்தின் கீழ் அது விமானமாகத் தேற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து, அகலம், பிரேக், விளக்கு, கண்ணாடி, ஒலிப்பான் எல்லாவற்றிலும் மோட்டார் வாகனமாகவும் தேற வேண்டும். ஓட்டுபவரிடம் இரண்டு லைசென்ஸ்கள் வேண்டும். சாலையில் சுழல் விசிறி சுழலலாகாது என்றும், விபத்துக்குரிய இன்ஷூரன்ஸ் இரண்டு நிலையிலும் பொருந்த வேண்டும் என்றும் தெளிவாக எழுதிவிட வேண்டும். விபத்து நடந்த பின்பு கோர்ட்டில் சொற்பொருள் ஆராய்வதைவிட, வண்டி வருமுன் சட்டசபையில் ஆராய்வது நன்று.

ஆகவே, தம் விமானத்தை வீட்டு வாசல்வரை ஓட்டிச் செல்ல விரும்பும் அந்த அன்பருக்கு நாம் சொல்லும் விடை இது: இறக்கை விரித்த சாதாரண விமானத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட உங்களுக்கு உரிமை இல்லை. சட்டத்தில் 'விமானம் ஓட்டாதே' என்று ஒரு வரி இருப்பதனால் அன்று. சாலையில் உரிமை பெறுவதற்கு வேண்டிய தகுதி அதற்கு இல்லாததனால். தகுதியுள்ள ஒன்றை நாளைக்கு யாரேனும் செய்து கொண்டு வருவாரானால், அவரைத் தடுப்பது நம் நோக்கமன்று. அவருக்கு நாம் முன்கூட்டியே தெளிவான விதியைச் சொல்ல வேண்டும். அவர் அவ்விதிக்கு அடங்கி வர வேண்டும். எந்தப் பொறி வந்தாலும், சாலையோரம் கைக்குழந்தையோடு நடந்து செல்லும் தாய்க்கு இன்றுள்ள பாதுகாப்பு அணுவளவும் குறையாதபடி பார்த்துக்கொள்ளுவதே சாலைச் சட்டத்தின் முதற்கடமை.